அறுபத்தொன்றாவது கட்டத்துக் காற்புள்ளி

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுண்டெலி எழுதுகிறேன். அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். உன் இருமல் விட்டதா, கையுறை வாங்கிக்கொண்டாயா என்று பதினான்கு மாதமாகக் கேட்க நினைத்து இன்றுதான் கேட்கிறேன்.

துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இயந்திரத்தின் மூடிதான் மேசை. சோப்புத்தூள் டப்பாமேல் டார்ச். வெளியே நடையில் மூன்றாவது பலகை கிறீச்சிட்டால் உடனே அணைத்துவிடுவேன், அதனால் எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

உன் முகவரியை வில் மாமா கொடுத்தார். அப்பாவின் செல்லோ வில்லைக் குதிரைமுடி மாற்ற அவர் கடைக்குக் கொண்டுபோனபோது பயந்து பயந்து கேட்டேன். "எழுது. பதில் என் கடைக்கு வரட்டும். நான் தபால்பெட்டி மாதிரி. வாய் உண்டு, பேச்சு கெடையாது" என்றார்.

விஷயம் இதுதான். அப்பா என்னை உன் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். செப்டம்பர் பதினான்காம் தேதி இசைப்பள்ளி அரங்கில் அப்பா செல்லோ, நான் பியானோ. நீங்கள் இருவரும் வாசித்த அதே சொனாட்டா. "கடைசியா ஒரு தடவை முயற்சி பண்றேன். இதுவும் சரிவரலன்னா செல்லோவப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிடுவேன். அப்புறம் பாடம் எடுக்கறதோட சரி" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வந்தது எனக்குத்தான்.

முதல் நாளே பியானோவுக்கான இசைத்தாளையும் ஒரு ரப்பரையும் என்னிடம் தந்தார். "உங்கக்கா கிறுக்கினதையெல்லாம் அழிச்சிடு. அச்சுல இருக்கறத வாசி, போதும்." மாணவர்கள் முன்னால் உன்னிடம் "தாளத்துல நிக்கத் தெரியாதவகூட என்னால வாசிக்க முடியாது" என்று சொன்னாரே, அதே குரல். அன்று நீ ஒன்றும் பேசாமல் எழுந்து போனாய். அடுத்த வாரம் ஊரைவிட்டே போனாய். அதன்பிறகு இந்த வீட்டில் உன் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அக்கா, நான் அழித்துவிட்டேன். பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். ரப்பர் துகளைக்கூட ஊதித் தள்ளிவிட்டேன். ஆனால் நீ பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். டார்ச்சைத் தாளோடு தாளாகப் படுக்க வைத்துப் பார்த்தால் அழித்த இடமெல்லாம் பள்ளமாகத் தெரிகிறது. நான்கு இடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருக்கிறாய். ஓரிடத்தில் 'தோள்' என்று எழுதியிருக்கிறாய். மெதுவாகப் போகும் நடுப்பகுதியில், கோடு போட்டுப் பிரித்த கட்டங்களில் அறுபத்தொன்றாவதில், ஒரு காற்புள்ளி. அதுதான் எல்லாவற்றிலும் ஆழம். தாள் கிழியாமல் இருப்பதே ஆச்சரியம்.

இதெல்லாம் என்ன? நீ சொல்லாவிட்டால் எனக்குச் சொல்ல ஆளில்லை. பியானோ மூடியை வழக்கம்போல இரண்டு கைகளாலும் பிடித்து, சத்தமில்லாமல் மூடிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சுண்டெலி


மார்ச் 19

அன்புள்ள சுண்டெலிக்கு,

இருமல் போய்விட்டது. கையுறை வாங்கினேன், ஒன்றைத் தொலைத்தேன், மற்றதை இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் ஒரு நடனப் பள்ளியில் பியானோ வாசிக்கிறேன். எட்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும் இந்த வேலைக்கு. குழந்தைகள் காலைத் தூக்குவார்கள், நான் எட்டு வாசிப்பேன். இறக்குவார்கள், இன்னொரு எட்டு. தாளத்தில் நிற்கத் தெரியாதவளுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததை நினைத்து நானே சிரித்துக்கொள்வேன். கீழே ஒரு சலவைக் கடை, அதற்கு மேல் என் அறை. தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் யாரும் இல்லாத நடனக்கூடத்தில் எனக்காகக் கொஞ்சம் வாசிக்கிறேன்.

சரி, பள்ளங்களைப் பார்ப்போம். மூக்குக்கண்ணாடி என்றால் 'தாளை விட்டுத் தலையைத் தூக்கி அவரைப் பார்' என்று அர்த்தம். அந்த நான்கு இடத்திலும் தொடங்குவது அவர்தான். 'தோள்' என்றால் அவருடைய இடது தோள். புதிய வரி தொடங்கும் முன் அது அரை விரல் உயரும். வில் தந்தியைத் தொடுவதற்கு முன்பே தோள் உனக்குச் சொல்லிவிடும். மூச்சை மூக்கால் இழுப்பார், அதுவும் கேட்கும். முதல் பகுதியின் கடைசிப் பக்கத்தில் உன் இடது கை அவரை மூழ்கடிக்கும். அங்கே செல்லோ கீழ்த்தந்தியில் முனகுகிறது, நீ பெடலைப் பாதிதான் அழுத்து. மெல்ல வாசிப்பது எல்லோராலும் முடியும். நீ அவர் குரலுக்குக் கீழே ஒரு தரை போல இரு. நடக்கிறவருக்குத் தரை ஞாபகமே வரக் கூடாது.

அறுபத்தொன்றில் இருப்பது ஏதோ என் பழக்கம். அதை விட்டுவிடு.

சொனாட்டாவின் முதல் பக்கத்தில் 'பியானோவுக்கும் செல்லோவுக்கும்' என்று பியானோ முதலில் இருப்பதைப் பார்த்து "அச்சடிச்சவன் மாத்திப் போட்டுட்டான்" என்று இன்னும் சொல்கிறாரா? அவருடைய கை எப்படி இருக்கிறது? குளிருக்கு விறைக்கிறதா?

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அப்பா இன்னும் "மாத்திப் போட்டுட்டான்" என்றுதான் சொல்கிறார், வாரத்துக்கு ஒருமுறை.

தோள் வேலை செய்கிறது அக்கா. நிமிர்ந்து பார்த்தேன், அது உயர்ந்தது, நான் விரலை வைத்தேன், இரண்டும் ஒன்றாக விழுந்தன. அப்பா வாசிப்பதை நிறுத்தாமலே ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். இதுவரை வீட்டில் என்னைக் கண்டு யாரும் அப்படிப் புருவம் தூக்கியதில்லை. அன்று முழுக்கப் பள்ளியில் சிரித்துக்கொண்டே இருந்தேன். கணக்கு டீச்சர் "என்னடி, பல்லு வலியா?" என்று கேட்டார். இது நீ கொடுத்தது. நான் மறக்க மாட்டேன்.

ஒரு குற்றத்தையும் உன்னிடம் சொல்ல வேண்டும். உன் கடிதத்தை வாங்கக் கடைக்குப் போக எனக்கு ஒரு காரணம் வேண்டும். அதனால் அப்பாவின் வில்லிலிருந்து தினமும் இரண்டு முடி பிடுங்குகிறேன். போதுமான அளவு குறைந்ததும் "மாமாகிட்ட குடுத்துட்டு வா" என்று அவரே அனுப்புகிறார். வில் மாமா பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "இப்பிடியே போனா ஊர்ல ஒரு குதிரைக்கும் வால் மிஞ்சாது" என்றார். ஆனால் அப்பா தன் கையைத்தான் சந்தேகப்படுகிறார். "ரொம்ப அழுத்தறேன் போல" என்று நேற்று அம்மாவிடம் சொன்னார்.

இனிமேல்தான் பயந்த விஷயம். நீ விட்டுவிடு என்ற அறுபத்தொன்று. அங்கே பியானோவுக்கு மூன்று சுரக்கொத்துகள், ஒவ்வொன்றிலும் பல சுரங்களை ஒன்றாக அழுத்த வேண்டும். மூன்றாவது விழும்போது செல்லோ உச்சிச் சுரத்துக்குத் தாவியிருக்க வேண்டும். நான் அச்சில் இருப்பதுபோல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாசிக்கிறேன். என் மூன்று விழுந்த பிறகுதான் அப்பா மேலே வந்து சேருகிறார். ஒரு கண்ணிமைப்புதான். ஆனால் அழகான இடத்தில் அது பல்லிடுக்கில் மணல் போல இருக்கிறது. "மறுபடி" என்றார். பன்னிரண்டு தடவை. நாற்காலியை மாற்றினார். செல்லோவின் காலில் குத்தி நிற்கும் கம்பியை இறக்கினார், ஏற்றினார், புதுத் தந்தி போட்டார். கடைசியில் "நீ சரியாத்தான் வாசிக்கிற" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நீ அங்கே என்ன செய்வாய்? தயவுசெய்து சொல்.

உன் சுண்டெலி

பி.கு.: மேசை இழுப்பறையில் தபால்தலை இருந்தது நல்லதாகப் போயிற்று.


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே நலம்.

நாற்பது நாளாக உன் பதில் இல்லை. இரண்டு முறை வில்லுக்கு முடி மாற்றியாகிவிட்டது. இரண்டு முறையும் மாமா உதட்டைப் பிதுக்கினார். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? முடி பிடுங்கியது பிடிக்கவில்லையா? அதை நிறுத்திவிடுகிறேன்.

அப்பா இப்போதெல்லாம் நடுப்பகுதியைத் தொடுவதே இல்லை. முதல் பகுதி, கடைசிப் பகுதி, அவ்வளவுதான். "நடுவுல உள்ளது தானா வரும்" என்கிறார். வராது என்று இருவருக்கும் தெரியும். கச்சேரிக்கு இன்னும் நான்கு மாதம்கூட இல்லை.

ஒரு வரியாவது போடு.

சுண்டெலி


ஜூன் 2

அன்புள்ள சுண்டெலிக்கு,

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. இங்கே ஆண்டு விழா, குழந்தைகளுக்கு ஒத்திகை, எனக்கு நேரமில்லை. இப்படி ஒரு காரணத்தை எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்று கடிதம் எழுதி மூன்றையும் கிழித்தேன் என்பதுதான் உண்மை.

அறுபத்தொன்றில், இரண்டாவது கொத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, கால் மூச்சு காத்திரு. பெடலை விடாதே. அவருடைய கை மேலே நகர்வதைக் கண்ணின் ஓரத்தில் பார். அது நின்றதும் வை. ஏன் என்று கேட்காதே. அப்பாவிடம் சொல்லாதே. மீதியைக் கச்சேரி முடிந்ததும் சொல்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு. கண்ணுக்கு அந்த டார்ச் வெளிச்சம் ஆகாது.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

நான் காத்திருந்தேன். இரண்டும் ஒன்றாக விழுந்தன. அக்கா, அந்த இடம் அப்படித் திறக்கும் என்று எனக்குத் தெரியாது. மூடிய அறையில் யாரோ ஜன்னலைத் திறந்ததுபோல இருந்தது. ஆனால் அப்பா வில்லைக் கீழே இறக்கினார். "நீயும் தாளத்த இழுக்க ஆரம்பிச்சிட்டியா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தொலைந்த ஒன்றைப் பார்த்துவிட்டவர் போல என் முகத்தையே பார்த்தார். பிறகு தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். பாடம் முடிந்தது என்று எழுந்து போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அலமாரியில் நீங்கள் இருவரும் வாசித்த ஒலிநாடாக்கள் இருக்கின்றன அல்லவா, அப்பா வெளியே போயிருந்தபோது ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். ஏழு வருடத்துக்கு முந்தையதில் மூன்று கொத்தும் படிக்கட்டு போலச் சமமாக இறங்குகின்றன. செல்லோ நேரத்துக்கு வந்து நிற்கிறது. நீ காத்திருக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முந்தையதில் காத்திருக்கிறாய். அதற்குப் பிறகு எல்லாவற்றிலும்.

இடையில் என்ன நடந்தது என்று யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயது. பியானோ கட்டைகளுக்கு நடுவே பென்சில் விழுந்துவிட்டது. அப்பா எடுக்கக் கையை நீட்டினார். நான் பார்க்கவில்லை, மூடியைப் படாரென்று மூடினேன். மோதிர விரல் கட்டோடு இருந்த மூன்று வாரமும் நான் கட்டிலுக்கடியில்தான் படுத்தேன். கட்டுப் பிரித்த அன்று அப்பா என் மூக்குக்கு முன்னால் விரலை ஆட்டி "பாரு, ஆடுது பாரு, முன்னவிட ஜோரா ஆடுது" என்றார். நான் நம்பினேன். நேற்று வரை நம்பினேன்.

உச்சிச் சுரத்தை அவர் அந்த விரலால்தான் எடுக்கிறார். போன வாரம் பார்த்தேன், வாசிக்கும் முன் டீ டம்ளரில் அந்த விரலை மட்டும் ஒட்டி வைத்துக்கொண்டிருந்தார், சூடேற்றிக்கொள்ள.

நீ வீட்டைவிட்டுப் போனதற்குக் காரணம் நான்தானே அக்கா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது.

சுண்டெலி


ஜூலை 1

என் தங்கமே,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நடன வகுப்பைப் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கச் சொல்லிவிட்டு, பியானோமேலேயே வைத்து இதை எழுதுகிறேன். குழந்தைகள் ஒற்றைக் காலில் நின்று வேடிக்கை பார்க்கின்றன.

முதலில் ஒன்று. இல்லை. நீ காரணம் இல்லை.

கட்டுப் பிரித்த அன்று மருத்துவர், எலும்பு சேர்ந்துவிட்டது, பழைய வேகம் முழுக்கத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். வெளியே வந்ததும் அப்பா என்னிடம் சொன்ன வார்த்தையை இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன். "இது சின்னவளுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அவ பியானோ பக்கமே வரமாட்டா." எனக்கு அப்போது பதினெட்டு. சரி என்றேன். அந்த வாக்கை இன்று உடைக்கிறேன். நீயே பாதி உடைத்துவிட்டாய்.

அந்த வாக்கு வேர்விட்டுப் போயிற்று. உன்னிடம் மறைக்க ஆரம்பித்தோம், பிறகு நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அந்த விரலைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். அவர் தாமதமாக வருவார், நான் காத்திருப்பேன். அவருக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் செல்லோவை வைத்துவிடுவார் என்று பயந்தேன். உனக்கு மட்டும்தான் இந்த வீட்டில் பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

ஆனால் என்னைப் பெரிய தியாகி ஆக்கிவிடாதே. இரண்டு கச்சேரிக்குப் பிறகு ஒரு பத்திரிகையில் அந்த இடத்தைப் பாராட்டி எழுதினார்கள், பியானோவின் அந்த ஒரு மூச்சு அற்புதம் என்று. எனக்கு அது பிடித்திருந்தது. என் கற்பனை என்று நினைக்கட்டும் என்று விட்டேன். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டேன். அப்புறம் அப்பா அது இழுப்பு என்று சொல்லி, மாணவர்கள் முன்னால் நாடாவைப் போட்டு, மேசையில் தட்டித் தட்டிக் காட்டினபோது, ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். கோபத்தில் வாயை மூடிக்கொண்டேன். தெரியட்டும், நான் இல்லாமல் வாசித்துப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அதுதான் நான் போன கதை. உன் மூடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் பயந்தது நடக்கவில்லை. நீ பியானோ பக்கம் வந்தாய். இன்று அவருக்குச் சரியாக மூன்றாவது கொத்தை வைக்கிறாய். ஆறு வருடம் நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அது எனக்குப் போதும்.

அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உன்னிடமே விடுகிறேன். என்னால் முடியாமல் போனது அது.

குழந்தைகள் காலை மாற்றிக்கொண்டன. நான் போக வேண்டும். கட்டிலுக்கு மேலே படு.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

நான்கு வாரம் தைரியம் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா வில்லுக்குப் பிசின்கட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். பியானோ தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"அப்பா, பியானோ தாள நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

"எனக்கெதுக்கு? என் தாள் எனக்கு இருக்கு."

அது உண்மைதான். அவருடைய தாளில் செல்லோவின் வரி மட்டும்தான். என்னுடையதில் பியானோ வரிகளுக்கு மேலே செல்லோவும் அச்சாகியிருக்கிறது. "இதுல நீங்களும் இருக்கீங்க" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "சின்ன எழுத்துல இருக்கேன்" என்றார்.

நான் திரைச்சீலையை இழுத்துவிட்டு, டார்ச்சைப் படுக்க வைத்து அறுபத்தொன்றைக் காட்டினேன். பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இத எப்பப் போட்டா?"

"மூடி விழுந்ததுக்கப்புறம்."

டார்ச்சை அவரே வாங்கிப் பிடித்துக்கொண்டார். "யாரு சொன்னா உனக்கு?"

"நாடா சொல்லிச்சு. அக்காகிட்ட கேட்டேன். அவ இல்லன்னு சொல்லல."

பிறகு எல்லாம் தானாக வந்துவிட்டது, கடிதங்கள், வில் மாமா, டார்ச். நான் அழுதுகொண்டே சொன்னேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"தெரியும்னு சொன்னா பாதிப் பொய். தெரியாதுன்னு சொன்னாலும் பாதிப் பொய்" என்றார். "வெரல் நேரத்துக்குப் போகலன்னு ஒத்துக்கிட்டா, ஏன் போகலன்னு நீ கேப்ப. பெரியவ இழுக்கறான்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்."

நான் மூடியைப் பற்றி ஏதோ சொல்ல வந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "நீ மூடினது மூடிய. மூடறதுக்குத்தான் அது இருக்கு. பென்சிலுக்காகக் கைய உள்ள விட்டவன் நான். இதுல யாரு முட்டாள்னு நீயே சொல்லு."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த வேகத்தில் வில் முடி பிடுங்கியதையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

"அப்ப என் கை அழுத்தல?"

"இல்லப்பா."

"அடிப் பாவி. நாலு மாசமா அழுத்தாம வாசிக்கப் படிச்சிட்டிருக்கேன்டீ."

அவர் சிரித்த சத்தத்தில் அம்மா ஓடி வந்தாள். இருட்டாக்கிய அறையில் டார்ச்சோடு நாங்கள் இருவரும் இருப்பதைப் பார்த்தாள். "இழுப்பறைல தபால்தலை நாலுதான் இருக்கு. வேணும்னா முன்னாடியே சொல்லணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அக்கா, மார்ச்சிலிருந்து அது தீராமலே இருந்ததை நான் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

அப்பா பென்சில் கேட்டார். கொடுத்தேன். தாளில் வைக்கப் போனவர் நிறுத்தி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நீ போடு. இது பியானோ தாள்." நான் பள்ளத்திலேயே பென்சிலை ஓட்டி உன் காற்புள்ளியைத் திரும்பப் போட்டேன். கண்ணாடிகள் நான்கையும் போட்டேன். 'தோள்' என்றதைப் பார்த்து "என் தோள் என்ன பண்ணுது?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. தெரிந்தால் அது நின்றுவிடும்.

உன்னைப் பற்றி அவர் வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் உன் முகவரியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இத்தனை நாள் என்னை எத்தனை பேர் பொத்திப் பொத்தி வைத்திருந்தீர்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். எனக்கு அது கனமாக இல்லை. போர்வை மாதிரி இருக்கிறது.

உன் சுண்டெலி


ஆகஸ்ட் 9

அன்புள்ள பெரியவளுக்கு,

நலம். உன் நலம் அறிய விரும்புகிறேன். சளிக்கு இதமாக ஏதாவது குடிக்கவும்.

எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது எழுதியதோடு சரி. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

நடுப்பகுதி, கட்டம் அறுபத்தொன்று. என் தாளில் அந்த இடத்தில் நானே ஒரு காற்புள்ளி போட்டுக்கொண்டேன். இனி அங்கே மூச்சு எடுப்பது நான். பியானோ எனக்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்தே எடுத்துக்கொள்வேன். நான்கு வருடத்துக்கு மேல் கேட்காமல் எடுத்துக்கொண்டேன், அதற்கு உன்மேல் பழியும் போட்டேன். மாணவர்களிடம் சொல்லிவிட்டேன். நாடாவை மறுபடி போட்டு, தாமதம் யாருடையது என்று காட்டினேன். ஒருவன் "அப்பவே தெரியும் சார்" என்றான். அவனை உட்காரச் சொன்னேன்.

செப்டம்பர் பதினான்கு அன்று பியானோ தாளுக்குப் பக்கம் புரட்ட ஆள் இல்லை. பள்ளியில் நான்கைந்து பேர் இருக்கிறார்கள், ஆனால் சின்னவள் பயப்படுகிறாள். எனக்கும் ஒன்றும் தைரியமில்லை. உனக்கு விடுமுறை கிடைக்குமானால் நல்லது.

உன் அறைச் சாமான்களை யாரும் தொடவில்லை.

இப்படிக்கு,
அப்பா


செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகப் போய்ச் சேர்ந்தாயா? கையுறை இரண்டும் பையில் இருக்கின்றனவா? உன் குழந்தைகள் எட்டு எண்ணிக்கொண்டு காத்திருந்திருக்கும்.

இதை முன்னறையில், சாயங்கால வெளிச்சத்தில், மேசையில் வைத்து எழுதுகிறேன். எழுத்து நேராக இருப்பதைக் கவனி. கடைக்கு எழுத வேண்டாம், இனி வீட்டுக்கே எழுது. வில் மாமாவுக்கு வியாபாரம் குறைந்துவிட்டதாம். "குதிரைங்களுக்கு நிம்மதி, எனக்குத்தான் நஷ்டம்" என்றார்.

கச்சேரியில் நீ என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய், ஆனாலும் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அறுபத்தொன்றுக்கு முன்னால் நீ பக்கம் புரட்ட எழுந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் நிமிர்ந்தேன். அப்பா செல்லோவோடு அப்படியே நம் பக்கம் திரும்பியிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தின் ஓரத்தைப் பிடித்திருந்த உன் கையைப் பார்த்தார். தோள் உயர்ந்தது. மூச்சை இழுத்த சத்தம் அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். நீயும் அதே நேரத்தில் மூச்சை இழுத்தாய். உனக்கே தெரிந்திருக்காது. எனக்கு எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. விரல் தானாக இறங்கியது.

பிறகு நீ அம்மாவோடு வாசலில் கொடுத்துவைத்த மேலங்கிகளைத் திரும்ப வாங்கப் போயிருந்தபோது ஒரு பெரியவர் மேடைக்கு வந்தார். "நடுப்பகுதில அந்த ஒரு மூச்சு, எங்கேருந்து பிடிச்சீங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா வில்லைத் தளர்த்திக்கொண்டே, "அது பியானோவோடது. நான் கடன் வாங்கினது. பேரப் பாருங்க, பியானோவத்தான் முதல்ல போட்டிருக்கான்" என்றார். அந்த மனிதர் தாளை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா அதைப் பற்றி உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்ல மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

அப்பாவின் செல்லோ பெட்டிக்குள் போகவில்லை. நேற்று மாலை புதிதாக ஒன்றைத் தொடங்கினோம். பாதியில் இரண்டு இடத்தில் தவறினேன். அவர் மூன்று இடத்தில். "கணக்கு சரியாப் போச்சு" என்றார்.

முடித்ததும் நான் வழக்கம்போலப் பியானோ மூடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அப்பா செல்லோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஒரு கை போதும்டா" என்றார்.

ஒரு கையால் மூடினேன் அக்கா. சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நிறைய அன்போடு,
உன் சுண்டெலி